ஒரு பத்திரிகை, இரண்டு சன்னல்

திருச்செங்கோட்டு அருணகிரி எதையும் மன்னிப்பார், வரிசை எண்ணைத் தவிர.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருடைய மச்சான் வீரபாகு, போர்வெல் லாரி வைத்திருப்பவர், புது வீடு கட்டினார். அந்தப் புதுமனை புகுவிழா அழைப்பிதழில் 'நல்வரவை விரும்பும் உறவினர்கள்' பட்டியலில் அருணகிரிக்குப் பதினேழாவது இடம். பதினாறாவது இடத்தில் லாரிக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர் இருந்தார். ஒரு கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளர், சுற்றறிக்கையில் காற்புள்ளி இடம் மாறினால் சாப்பாடு இறங்காதவர், பஞ்சர்க்காரருக்குக் கீழே.

இப்போது அவர் முறை. மகள் இனியாவுக்குக் காதுகுத்து. நாலு பக்க அழைப்பிதழை அவரே வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்தார். மச்சானை நாலாம் பக்கப் பட்டியலில் பதினேழாவதாக வைத்தார். பதினெட்டு என்றால் பழிவாங்கல் ஆகிவிடும். பதினேழுதான் நீதி.

மனைவி ரஞ்சிதா திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, தாய்மாமன் பேரு எங்கீங்க?"

"நாலாம் பக்கத்துல இருக்குது புள்ள."

"நாலாம் பக்கமா? எங்கண்ணன் மடியில வெச்சுத்தான காது குத்தறோம்? இல்ல, பஞ்சர் ஒட்டறவரு மடியிலயா?"

"மடி வேற, அச்சு வேற."

"தாய்மாமன் பேரு மொதப் பக்கத்துல இல்லாம எந்த ஊருலீங்க காதுகுத்து நடக்குது? அண்ணன் சீர்த்தட்டைத் தூக்கிட்டு வாசல் வரைக்கும் வந்து அப்படியே திரும்பிப் போயிரும். அப்பறம் உங்க பட்டியலையே மடியில வெச்சுக் குத்திக்குங்க."

அருணகிரி மெனுக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலானார். வாதத்தில் தோற்கும்போதெல்லாம் அவருக்கு அறிவுத் தாகம் எடுக்கும். 'நியூ விண்டோ' என்று ஒன்று கண்ணில் பட்டது. அமுக்கினார். அதே அழைப்பிதழ் இன்னொரு சன்னலில் வந்து நின்றது. மேலே, பழையதன் தலையில் 1, புதியதன் தலையில் 2.

நகல் பிறந்துவிட்டது! ஆனால் அவர் ஆராய்ச்சி மனப்பான்மை உள்ளவர், சோதிக்காமல் நம்ப மாட்டார். இரண்டாம் சன்னலை நாலாம் பக்கத்துக்கு ஓட்டி நிறுத்தினார். ஒன்றாம் சன்னலில் முதல் பக்கத்தில் 'வாழைத்தண்டு' என்று அடித்தார். பிறகு இரண்டாம் சன்னலைப் பார்த்தார். நாலாம் பக்கத்தில் வாழைத்தண்டு இல்லை. நிரூபணம் முடிந்தது. அடித்த வாழைத்தண்டை அழித்தார்.

அந்தச் சோதனையில் ஓர் ஓட்டை இருந்தது. கோப்பு ஒன்றுதான், பார்க்கிற இடம்தான் இரண்டு. முதல் பக்கத்தில் அடித்ததை முதல் பக்கத்தில் தேட வேண்டும். இதை அவருக்குச் சொல்ல அங்கே ஒருத்திதான் இருந்தாள். அவளும் அப்போது அவரைப் போலவே வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதென்னங்க ஒண்ணு, ரெண்டுன்னு நம்பரு?"

"ஒண்ணு உன்னோடது. அதுல நீ சொல்றதை எல்லாம் அப்படியே அடிக்கறேன். ரெண்டு என்னோட வேலைக்கு."

"செரிங்க."

பதினோரு வருஷத்தில் இவ்வளவு சீக்கிரமாக ஒரு 'செரிங்க' வந்ததே இல்லை. அருணகிரி அதைத் தன் சாமர்த்தியத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அவள் கேட்டபடி முதல் பக்கத்தில் மச்சான் பெயரையும் படத்தையும் வைத்தார். அதற்குள் கல்லூரியிலிருந்து போன் வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்.

"பேரு இன்னுங் கொஞ்சம் பெருசுங்க."

பெரிதாக்கினார்.

"செவப்புல போடலாமுங்களா?"

"தாராளமா."

"போட்டோவுக்குப் பின்னால போர் லாரி?"

"லாரி என்ன, தண்ணி பீச்சற மாதிரியே போட்டுடலாம்."

அச்சுக்குப் போகாத சன்னலில் வள்ளலாக இருப்பது எவ்வளவு சுகம்! அவள் கேட்காததையும் கொடுத்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பெயருக்கு மேலே 'ஆழ்துளை வேந்தர்' என்று பட்டம் சூட்டினார்.

"அய்யோ, வேந்தருங்களா!" என்று ரஞ்சிதா கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அவள் அடுப்படிக்குப் போனதும் இரண்டாம் சன்னலுக்கு மாறினார். அது நாலாம் பக்கத்திலேயே நின்றது. பதினேழாவது இடம் பத்திரமாக இருந்தது. ஒற்றெழுத்துகளைப் பதினோரு முறை சரிபார்த்துச் சேமித்தார். பென் டிரைவில் ஏற்றப் போனபோது கோப்புறையில் ஒரே ஒரு கோப்புதான் இருந்தது. ஒரு கணம் யோசித்தார். மனைவியுடையதைக் கணினியே விவேகத்தோடு கழித்துவிட்டது என்று முடிவுகட்டினார்.

அச்சகத்தில், "புரூஃப் பாக்கறீங்களா சார்?" என்று கேட்டார்கள்.

"எழுத்து எழுத்தாப் பாத்தாச்சு. ஆயிரம் போடுங்க."

வியாழக்கிழமை, அவர் கல்லூரியில் இருந்த நேரத்தில், கட்டு வீட்டுக்கு வந்தது. ரஞ்சிதா முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவி அண்ணனுக்குக் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் அருணகிரி வண்டியை நிறுத்தும்போது வாசலில் வீரபாகு நின்றிருந்தார். கையில் பத்திரிகை. கண்ணில் தண்ணீர். அப்படியே மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார்.

"மாப்ள! ஆழ்துளை வேந்தர்னு என்ற பொஞ்சாதி கூடச் சொன்னதில்லீங்க! மொதப் பக்கத்தைத் தொறந்தாலும் நானு, கடைசிப் பக்கத்தைத் தொறந்தாலும் நானு! பாக்கறவன் எந்தப் பக்கமும் தப்பிக்க முடியாது!"

அருணகிரி மச்சானின் தோளுக்கு மேலாகப் பத்திரிகையைப் பார்த்தார். முதல் பக்கத்தில் லாரி தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது.

"எல்லாம் அவரே அடிச்சதுங்கண்ணா," என்றாள் ரஞ்சிதா. "நான் ஒரு எழுத்துக் கூட அடிக்கல."

"தங்கமான மனசு மாப்ள உங்களுக்கு. நாளையில இருந்து விசேசம் முடியற வரைக்கும் நான் இங்கதான். பந்தல், சமையல் எல்லாம் என்ற பொறுப்பு. நீங்க சும்மா உக்காருங்க."

வேந்தர் முகம் கழுவப் போனதும் அருணகிரி அடுப்படிக்குள் நுழைந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும் புள்ள?"

"நீங்க போனு பேசப் போனப்பங்க. ரெண்டாவதுல என்னதான் வெச்சிருக்கறீங்கன்னு மௌசுச் சக்கரத்தை மேல உருட்டிப் பாத்தேன். அங்கயும் எங்கண்ணன் சிரிச்சுட்டு இருந்துச்சு. மறுபடியும் நாலாம் பக்கத்துக்கே உருட்டி உட்டுட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"பட்டமெல்லாம் யோசிச்சு யோசிச்சு, எவ்வளவு ஆசையா அடிச்சுட்டு இருந்தீங்க! நடுவுல பூந்து கெடுக்க எனக்கு மனசு வரலீங்க."