அப்பா துப்பிய புதினா சாக்லேட்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிவாலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அவ்வளவு பெரிய பொய்யைக் கைப்பட எழுத மனசு வரவில்லை.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று கேட்பாய். என் போன் ரிப்பேர் கடையில் இருக்கிறது. நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்துக்கொண்டே கிண்டியதில், அது கை நழுவி, உருகிய சாக்லேட்டுக்குள் தலைகுப்புற விழுந்துவிட்டது. கடைக்காரர் அதை மோந்து பார்த்துவிட்டு, "என்ன சார், புதினா வேற போட்டிருக்கீங்களா?" என்கிறார். உன் அண்ணியின் போனில் பேசலாம் என்றால், மணி அடித்த உடனே அப்பா, "யாரு, பாப்பாவா? ஸ்பீக்கர்ல போடு" என்று உத்தரவு போடுகிறார். அவரைப் பற்றிய புகாரை அவர் காதுபடவே எப்படிச் சொல்வது? அதனால்தான் என் கண்ணாடிக் கடைக் கணக்குப் பார்க்கிற பாவனையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா எதிர் நாற்காலியில்தான் இருக்கிறார். இருக்கட்டும். அவர் கண்ணாடிக்குப் பவர் பார்த்துப் போட்டுக்கொடுத்தவனே நான்தான். இந்தத் தூரத்திலிருந்து என் கையெழுத்து அவருக்குத் தெரியாது.

விஷயத்துக்கு வருகிறேன். பல் டாக்டர் அப்பாவுக்கு மிச்சமிருந்த பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டு, "ஈறு ஆறுற வரைக்கும் சூடா எதுவும் வேண்டாம், குளிர்ச்சியா, வாயிலேயே கரையற மாதிரி, சத்தா குடுங்க" என்று சொல்லி அனுப்பியது உனக்குத் தெரியும். குளிர்ந்த பால் கொடுத்தோம், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பழத்தை மசித்துக் கொடுத்தோம், "யாருக்கு இது, கைக்குழந்தைக்கா?" என்றார். புத்தி கெட்டுப்போய் நான் ஒரு நாள் டீயை ஆறவைத்துக் கொண்டுபோய் நீட்டினேன். வாழ்நாள் பூரா தேயிலைக் கம்பெனியில் ருசி பார்த்து விலை சொன்ன மனுஷனிடம் ஆறின டீ! "ஆறின டீயில நான் கைகூடக் கழுவினதில்லைடா" என்று சொல்லிவிட்டு அன்றைக்குப் பூரா என்னோடு பேசவில்லை. அப்போதுதான் நீ கூப்பிட்டு, "புதினா சாக்லேட் ஐஸ் பண்ணிக் குடுண்ணா, குட்டிவாலுக்குப் பல் விழுந்தப்ப அதைத்தான் சாப்பிட்டான், க்ரீமும் டின் பாலும் போட்டா நல்ல சத்து, ரொம்ப ஈஸி" என்றாய். ஈஸி என்று சொன்ன வாயால் நீ இனிமேல் எனக்கு ஒரு யோசனையும் சொல்லக்கூடாது.

முதல் நாள் சாக்லேட்டை நேரே அடுப்பில் வைத்தேன், அடிப்பிடித்துக் கருகியது. கொதிக்கிற தண்ணீருக்கு மேலே கிண்ணத்தை வைத்து உருக்க வேண்டும் என்று உன் அண்ணி சொன்னாள், சரி என்று அப்படிச் செய்தால் தண்ணீர் ஒரு சொட்டுத் தெறித்து, நன்றாக உருகிக்கொண்டிருந்த சாக்லேட் சட்டென்று மணல் மணலாக இறுகிவிட்டது, அதைக் கரண்டியால் கிளறினால் கரண்டிதான் வளைந்தது. புதினாவுக்கு நிஜப் புதினா இலையையே அரைத்து ஊற்றினேன், ஆட்டுக்கு வைக்கிற மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் கடையில் போய் எசென்ஸ் வாங்கிவந்தேன். ரெண்டு சொட்டு விடச் சொல்லியிருந்தாய். அந்தக் குப்பியின் மூடி, ரெண்டு சொட்டுக்கெல்லாம் நான் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது, பல்லால் கடித்து இழுத்ததும் மொத்தமாகப் பல்லோடு வந்து பாதிக் குப்பி உள்ளே போய்விட்டது. வீடு முழுக்கத் தலைவலித் தைல வாசனை. மாடி வீட்டு நர்ஸம்மா இறங்கிவந்து, "யாருக்கு இவ்ளோ சளி?" என்று விசாரித்தார். நீ பார்சலில் அனுப்பிய கரடி மூஞ்சி அச்சிலிருந்து ஐஸை முழுசாக எடுக்க முடியவில்லை, குழாய்த் தண்ணீரில் காட்டினால் வரும் என்றாயே, வந்தது, கரடி வழுக்கிக்கொண்டு நேரே பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் போனது. ஃப்ரீஸரில் பனி மண்டி கதவு மூடவில்லை, கத்தியால் சுரண்டப்போய் உன் அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த மீனெல்லாம் புதினா வாசனை. பொரித்துப் போட்டால் பசங்க ரெண்டும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். சமைத்தவள் அவள், பேச்சு வாங்கியது நான்.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஒருவழியாகக் கரடி கரடியாகவே வந்தது, குச்சியும் நேராக நின்றது, பார்க்கவே அழகாக இருந்தது. தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்பா என்ன செய்தார் தெரியுமா? முதலில் ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் நிறம் பார்த்தார். அப்புறம் மூக்கருகே கொண்டுபோனார். அப்புறம் அலமாரியிலிருந்து அந்தப் பாழாய்ப்போன உயரத் தகரப் பாத்திரத்தை எடுத்துவரச் சொன்னார். அதுதான், ஆபீஸில் டீயை ருசி பார்த்துவிட்டுத் துப்புவாரே, அதையேதான். ரிட்டயரானபோது கையோடு கொண்டுவந்தது. ஸ்பூனால் கரடியின் காதைச் சுரண்டி வாயில் போட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சி, கண்ணை மூடி, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டி, நாங்கள் புருஷனும் பெண்டாட்டியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, சர்ரென்று துப்பிவிட்டார். "எப்படிப்பா இருக்கு?" என்றேன். "நிறம் பரவால்ல. புதினா முந்திக்கிட்டு ஓடுது, சாக்லேட் பின்னாடி நொண்டிக்கிட்டு வருது. கடைசில ஒண்ணுமே நிக்கல" என்று சொல்லி வாயைக் கொப்பளித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நான் விடுகிற ஆளா? புதினாவைக் குறைத்து ஒன்று, சாக்லேட்டைக் கூட்டி ஒன்று, ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இது எப்படி இருக்கு? இப்ப அது? இதுவா அதுவா, எது நல்லா இருக்கு?" என்று கேட்டேன். உன் அண்ணிகூட, "கடையில கண்ணாடி மாட்டிவிட்டுக் கேக்கற மாதிரியே கேக்கறீங்க" என்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். உறிஞ்சினார், உருட்டினார், துப்பினார். "இது ஒரு தடவை உருகி மறுபடி உறைஞ்சது" என்றார். நிஜம்தான், மத்தியானம் கரண்ட் போயிருந்தது. "இதுக்குப் பக்கத்துல மீன் இருந்திருக்கு" என்றார். அதுவும் நிஜம். நாக்கு என்னவோ ஆபீஸ் நாக்காகவே இருக்கிறது, அதில் குறையே இல்லை. ஆனால் பாப்பா, ஒரு ஸ்பூனாவது தொண்டைக்குக் கீழே இறங்க வேண்டாமா? தினமும் ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு வந்து நான் கிண்டுகிறேன், காலையில் அவர் மார்க் போட்டுத் துப்புகிறார். மிச்சத்தைத் தின்று தின்று எனக்குத் தொப்பை வந்துவிட்டது, அவருக்குக் கழுத்தெலும்பு வெளியே வந்துவிட்டது.

நேற்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். எடை பார்க்கிற மிஷினில் ஏறி இறங்கினவரைப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா ஆஸ்பத்திரியில சேத்து ட்ரிப்ஸ் ஏத்த வேண்டியதுதான்" என்றார். திரும்பிவரும்போது ஆட்டோவில் அப்பா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். சட்டைக்குள்ளே ஆளே இல்லாத மாதிரி இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பயத்தில்தான் கத்திவிட்டேன். "ஒரு வாய் முழுங்கினா என்னப்பா கொறஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டேன். "நல்லா இல்லாததை நல்லா இருக்குன்னு சொல்லச் சொல்றியாடா?" என்று அவரும் கத்தினார். நான் எதைக் கேட்டேன், அவர் எதைச் சொல்கிறார் பார்.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன், என்னால் ஆகாது. இந்தக் கடிதம் கண்டதும் தந்தி போல் பாவித்து மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு கிளம்பி வா. வந்து அப்பாவை உன்னோடு கூட்டிப்போ. நீ செல்லப் பொண்ணு, நீ ஊட்டினால் முழுங்குவார். தகரப் பாத்திரத்தையும் கரடி அச்சையும் கையோடு எடுத்துப்போகலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. குட்டிவாலுக்குப் பரீட்சை, உனக்கு ஆபீஸ் என்று எந்தச் சாக்கும் சொல்லாதே. நான் பார்த்தவரை போதும். இதோ உன் அண்ணி, நான் இன்றைக்குக் கலந்து வைத்த ஐஸைத் தட்டில் வைத்துவிட்டுப் போகிறாள். வைக்கட்டும், எனக்கு இதை முடித்துத் தபாலில் போடுகிற வேலை இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். குட்டிவாலுக்குப் பெரியமாமாவின் முத்தங்கள், பல்லை ஒழுங்காகத் தேய்க்கச் சொல். நீங்கள் எல்லோரும் பசியோடும் முழுப் பல்லோடும் நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
சலித்துப்போன உன் அண்ணன்

பின்குறிப்பு: கிளம்பிவிடாதே! மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். உறையை ஒட்டுவதற்குப் பசை தேடி நிமிர்ந்தால் எதிரில் தட்டு காலி. குச்சி மட்டும் கிடக்கிறது. தகரப் பாத்திரத்தை எட்டிப் பார்த்தேன், காய்ந்துபோய் இருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சமையலறைப் பக்கம் திரும்பி, "இன்னொண்ணு இருக்காம்மா?" என்றார். உன் அண்ணி ஓடிவந்து வைத்தாள். அதையும் நக்கி நக்கி, தாடையெல்லாம் வழிய, கடைசிவரை தின்று முழுங்கினார். முழுங்கியதை நான் தொண்டையையே பார்த்து உறுதி செய்துகொண்டேன். பொறுக்கமுடியாமல், "ஏம்ப்பா, இத்தனை நாளும் ஏன் துப்பினீங்க?" என்றேன். "நீதானடா எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு கேட்டே. கேட்டா ருசி பாத்துத்தானே சொல்லணும்? ருசி பாக்கறவன் முழுங்குவானாடா?" என்றார். குச்சியைத் தட்டில் வைத்துவிட்டு, "உங்கம்மா ஒருநாளும் கேட்டதில்ல. தட்டை வெச்சிட்டு அவ பாட்டுக்கு வேலையைப் பாக்கப் போயிடுவா. நானும் சாப்பிட்டுடுவேன்" என்றார். நான் கணக்கு நோட்டைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். ஆகவே அப்பா இங்கேயேதான் இருப்பார், உன்னோடு அனுப்புவதாக இல்லை. ஒரே ஒரு கஷ்டம்தான். இன்றைக்குப் புதினாவும் சாக்லேட்டும் அளந்து கலந்தது நான். அது நன்றாக இருந்ததா இல்லையா என்று தெரியாமல் மண்டை வெடிக்கிறது, பாப்பா. கேட்கவும் முடியாது.