சைடு ஸ்டாண்டில் எட்டிய கால்

இனிமேல் சின்ன வண்டியில் போவதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவெடுத்தபோது அவன் வாயில் பற்பசை நுரை இருந்தது. துப்பிவிட்டு யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

தீ மூட்டியவள் மனைவிதான். முந்தின நாள் துணி மடித்துக்கொண்டே, போகிற போக்கில் சொன்னாள்:

“மூணாவது வீட்டுக்காரர் பெரிய பைக் வாங்கியிருக்காராம். காடு, மேடு, ஆத்து மணல், எதுல விட்டாலும் போகுமாம்.”

“நானும் வாங்குவேன்.”

“உங்களுக்கு எதுக்குங்க? அதுக்கெல்லாம் ஒரு தெம்பு வேணும்.”

அவ்வளவுதான். ‘தெம்பு’ அவன் காதுக்குள் போய்ப் பாயை விரித்துப் படுத்துக்கொண்டது. ஊரில் பாதிப் பேரை மாடிக்கு ஏற்றி இறக்குகிறவன் அவன். தனக்கென்று ஓர் உயரம் வேண்டாமா? வயது இருபத்தேழு. இன்னும் கொசு மாதிரி ஒரு வண்டி. மேடு வந்தால் முனகும். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவி இறங்கி நடந்து, உச்சியில் போய் அவனுக்காகக் காத்திருப்பாள்.

அவளைச் சம்மதிக்க வைக்க ஒரு திட்டம் போட்டான். இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தான். குரல் தழுதழுக்க வேண்டிய இடம் உட்பட.

“எனக்காகவா கேக்கறேன்? உன் முது…”

“வாங்கிக்கோங்க.”

“…குவலிக்காக. என்ன சொன்னே?”

“வாங்கிக்கோங்கன்னேன். ஆனா பழைய வண்டியை விக்கக் கூடாது.”

“அது எதுக்கு?”

“எனக்கு முன்னாடியே உங்க வாழ்க்கையில வந்தவ. எனக்கு மூத்தவ. மூத்தவளை வெளிய தள்ளிட்டு வாழ்ற வீடு உருப்படுமா?”

அவன் கண் கலங்கிவிட்டது. ஒத்திகை பார்த்த தழுதழுப்பு வீணாகவில்லை.

ஷோரூமுக்கு அவள் தையல் கடையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். கழுத்தில் இன்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்துவிட்டாளாம்.

வண்டி சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்ந்து நின்றது, தூங்கி வழிகிற யானை மாதிரி. இவன் தாவி ஏறினான். இடது கால் தரையில் அழுத்தமாகப் பதிந்தது. வலது கால் எங்கே இருக்கிறதென்று பார்க்கவில்லை. சந்தோஷத்தில் இருப்பவன் தன் வலது காலைத் தேடுவதில்லை. உலகத்தில் பாதிப் பேர் சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும்போது கால் எட்டியதை நம்பித்தான் வாழ்க்கையையே வாங்குகிறார்கள்.

“உங்களுக்குன்னே செஞ்ச வண்டி சார்,” என்றான் விற்பனையாளன்.

“எப்படி இருக்கேன்?” என்று மனைவியிடம் கேட்டான்.

அவள் ஸீட்டைப் பார்த்தாள். அவன் காலைப் பார்த்தாள். டேப்பின் நுனியை விரலில் சுற்றினாள்.

“ராஜா மாதிரி இருக்கீங்க. எடுத்துடுங்க.”

ஷோரூம்காரர்களே கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை ஏறி உட்கார்ந்து வண்டியை நிமிர்த்தினான். வண்டி நிமிர்ந்தது. தரை விலகிப் போனது. இரண்டு கால்களும் வற்றிய கிணற்றில் விட்ட கயிறு மாதிரி தொங்கின. வண்டி விழுந்தது என்று சொல்ல முடியாது. நிதானமாக, இடம் பார்த்துப் படுத்துக்கொண்டது.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

“என்னங்க, அதுக்கு உடம்பு சரியில்லையா?”

“கீழ எல்லாம் சரியா இருக்கான்னு குனிஞ்சு பாக்கறேன்.”

“நீங்க குனியலையே, படுத்திருக்கீங்க.”

அன்றிலிருந்து வாசற்படிதான் அவனுக்கு ஏணி. படியில் ஒரு காலை ஊன்றிக் கிளம்பிவிட்டால் போதும், ஓடும்போது வண்டி சொர்க்கம். நிற்கும்போதுதான் நரகம். சிக்னலில் நடைபாதை ஓரமாகப் பார்த்து ஒதுங்கி, அதன்மேல் கால் வைத்து நிற்பான். ஓரம் கிடைக்காவிட்டால் சிவப்பு விளக்கைக் கண்டதும் இடப்பக்கம் திரும்பிவிடுவான். இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஒருநாள் தன் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். வேலையிடத்தில் வாட்ச்மேன் ஓடிவந்து பிடித்தால்தான் இறங்க முடியும். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தால், வரும்வரை கட்டடத்தைப் பிரதட்சிணம் செய்வான். வேலைமேல் இதற்கு முன்பு இவ்வளவு பக்தி அவனுக்கு இருந்ததில்லை.

மனைவிக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிந்தால் ஆயுள் முழுக்க ‘தெம்பு’தான். கீழ்வீட்டில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அக்கா ஒருத்தி இருந்தாள். ஸ்கூட்டரிலிருந்து லாரி வரை சொல்லித் தருவாள். எதற்கெடுத்தாலும் “கிளட்ச்! கிளட்ச்!” என்று கத்துவதால் தெருவுக்கே அவள் கிளட்ச் அக்கா.

“அக்கா, பெரிய வண்டியைப் பழக்கிக் குடுங்க. வீட்ல சொல்லிடாதீங்க.”

“சொல்லுவேனா தம்பி? மூணு மாசமா ஒரு ரகசியத்தைக் காப்பாத்திட்டு வரேன். அதோட இதுவும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்.”

யாருடைய ரகசியம் என்று இவன் கேட்கவில்லை. அடுத்தவர் ரகசியத்தில் அவனுக்கு எப்போதும் அக்கறை குறைவு.

ஊருக்கு வெளியே மண்மேட்டுக்குப் போனார்கள். ஸீட்டை விட்டு எழுந்து, கால்மிதியில் நின்றபடி ஓட்டச் சொன்னாள் அக்கா. நின்றான். வண்டி மேட்டில் பூனை மாதிரி ஏறியது. பள்ளத்தில் பால் மாதிரி இறங்கியது. கொஞ்ச நேரம் அவன் உண்மையிலேயே ராஜாதான்.

“அக்கா, நல்லா வருதுக்கா!”

“நல்லாத்தான் ஓட்டறே! அப்படியே நின்னுக்கிட்டே ஓட்டு.”

“நிறுத்தறது எப்படிக்கா?”

“அதுக்கு நீளமான காலா அங்கதான் கேக்கணும்!” என்று வானத்தைக் காட்டினாள்.

அவன் நிறுத்தினான். வண்டி படுத்துக்கொண்டது.

திங்கட்கிழமை காலை மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ‘பெரிய வண்டியை சர்வீசுக்கு விடணும்’ என்ற பொய்யுடன் பழைய வண்டியைத் தேடி வாசலுக்குப் போனான். வண்டி இல்லை. பெரியது மட்டும் சுவரில் சாய்ந்து இவனை மேலிருந்து கீழே பார்த்தது.

தெருமுனையிலிருந்து மூத்தவள் வந்தாள். மேலே இளையவள். ஹெல்மெட், பின்னால் கட்டிய துணி மூட்டை. வாசலில் நிறுத்தி இரண்டு பாதங்களையும் தரையில் அப்பளமாகப் பதித்தாள்.

“எப்ப கத்துக்கிட்டே?”

“மூணு மாசமா. கிளட்ச் அக்காகிட்ட.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“ரெண்டு வருஷமா கேட்டேங்க. ‘இருக்கிறது ஒரே வண்டி, அப்புறம் நான் எதுல போறது’ன்னீங்க. நானும் ரெண்டு பஸ் மாறி மாறிப் போனேன். இப்பதான் ரெண்டு வண்டி இருக்கே.”

அவன் பொய்யைப் பையிலேயே விட்டுவிட்டு உண்மையை எடுத்தான்.

“பெரிய வண்டி… கொஞ்சம் உயரம்.”

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“ஷோரூம்லயே.”

“அளந்து பாத்தியா?”

“எதுக்கு அளக்கணும்? கல்யாணமானதிலிருந்து நீங்க வாங்கற பேண்ட் ஒவ்வொண்ணையும் அடியில வெட்டி மடிச்சுத் தைக்கிறது யாரு?”

“அப்பவே சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா வாங்கியிருக்க மாட்டீங்களே.”

மறுத்துப் பேச அவன் வாயைத் திறந்தான். அதில் நுரைகூட இல்லை.

“விடுங்க. ஸீட்டைக் கழட்டிக் குடுங்க. பஞ்சைச் செதுக்கி, உறையைப் பிரிச்சு, உங்க காலுக்கு எட்டற மாதிரி தைச்சுத் தரேன்.”

“இன்னைக்கேவா?”

“இன்னைக்கா? கடையில பள்ளிக்கூட யூனிஃபார்ம் மலையா குவிஞ்சு கிடக்கு. உங்க முறை வரட்டும், தைக்கறேன். அதுவரைக்கும் ஏறுங்க, போற வழியில இறக்கி விடறேன்.”

துணி மூட்டையை மடியில் வாங்கிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

அங்கே கால் நன்றாக எட்டியது.