சோதனைக்காக விழுந்த ஹலோக்காரர்

என் பேர் செல்லம்மா, ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக வரும், நடந்ததில் பாதி மறந்தும் போச்சு; பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஹலோக்காரரை மறக்க முடியாது. ஏற்காட்டில் அவரைப் போல அத்தனை முறை செத்து விழுந்தவர் வேறு யாரும் கிடையாது.

எண்பதுகளில் ஒரு காப்பிக் கம்பெனியின் கிளை ஆபீசில் கூட்டிப் பெருக்கி டீ போடுவது என் வேலை. அங்கே புது டெலிபோன்கள் வைக்கச் சேலத்திலிருந்து வந்தவர் அவர்; எந்நேரமும் போனில் ஹலோ ஹலோ என்பதால் அந்தப் பேர். மேனேஜர் அறை, குடோன், கேட், எங்கிருந்து ஒன்பதைச் சுழற்றினாலும் நேராக ஆஸ்பத்திரியில் மணி அடிக்கும்படி செய்தார். ஆபத்துக்கு மட்டும். மூன்று நாளில் வேலை முடிந்தது. அதைச் சோதிக்கிறேன் என்று மூன்று வாரம் இருந்தார்.

சோதனை என்றால் சும்மா இல்லை. டீ வாங்க வந்தவர் திடீரென்று, "ஐயோ, நெஞ்சு!" என்று தொப்பென்று விழுவார். கணக்கு எழுதும் ரைட்டர் அலறுவார். மேனேஜர் ஒருமுறை கொதிக்கிற டீயை மடியில் கொட்டிக்கொண்டார். கீழே கிடப்பவரோ ஒரு கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

"ஏனுங்க, ஒன்பது சுத்த ரெண்டு நிமிசமா? இந்நேரம் எனக்கு மாலையே போட்டிருப்பாங்க!"

எனக்குப் போனைத் தொடவே பயம். "கூச்சப்படாதீங்க அம்மணி. 'சோதனைக்குக் கூப்புடறேனுங்க'ன்னு சொல்லிப்போட்டு வெச்சிருங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மனப்பாடம் செய்தேன்.

ஒருநாள் எல்லோரும் சாப்பிடப் போன நேரம். குடோனில் ஏணியோடு விழுந்தார். நான் டீயைப் பக்கத்தில் வைத்து, "எந்திரிங்ணா, ஆறிப்போவுது" என்றேன். ஒரு கண் திறக்கும் என்று காத்திருந்தேன். திறக்கவில்லை. தலைக்கடியில் ரத்தம் பரவியது.

ஒன்பதைச் சுழற்றினேன். நர்ஸ் எடுத்ததும் வாயில் தானாக வந்தது: "சோதனைக்குக் கூப்புடறேனுங்க."

"சரிங்கக்கா, இன்னைக்கு இது மூணாவது" என்று சிரித்து வைத்துவிட்டார்.

மறுபடி சுழற்றினேன். என் ஊட்டுக்காரர்கூடக் கேட்டிராத குரலில் கத்தினேன்: "நெசமாலுமே விழுந்துட்டாருங்க! நொம்ப ரத்தமுங்க! ஓடியாங்க!"

ஜீப் வந்தது. தூக்கும்போது ஒரு கண் திறந்தது.

"எத்தன நிமிசம் அம்மணி?"

அழுதுகொண்டே அவர் கைக்கடிகாரத்தை அவர் பக்கமே திருப்பிக் காட்டினேன்.

தலையில் கட்டோடு திரும்பியவர் அப்புறம் ஒருநாளும் விழவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் போனுக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டிவைத்தார்: "செல்லம்மா கூப்பிட்டால் சோதனை அல்ல."

எண் ஒன்பதா எட்டா, அவர் இருந்தது மூன்று வாரமா நான்கா என்பதை அங்கே வேலை செய்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். சீட்டைச் சரிபார்க்க வேண்டாம். நானே போய் எழுத்துக்கூட்டி மூன்று முறை படித்தேன்.