பேய் பேசிய மலையாளம்

புத்தூரில் மலையாளப் பேய் ஒன்று பேசுகிறது என்ற செய்தி பருத்தித்துறைக்குப் போய்ச் சேர அரை நாள்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் தேவராசா சாமியின் கொட்டிலுக்கு முன்னால் மோட்டார்சைக்கிள் விட இடம் கிடையாது. சாமி கேரளத்தில் பன்னிரண்டு வருடம் தவம் இருந்தவராம். அந்தப் பன்னிரண்டு வருடமும் அவர் வவுனியாவில் பெட்டிக்கடை வைத்திருந்ததைக் கண்டவர்களும் முன்வரிசையில்தான் இருந்தார்கள்.

பேய் குடியிருந்தது என் தங்கை தர்சிகாவின் மகள் மதுராவிடம். கைக்குழந்தையிலிருந்தே அவளுக்கு வலிப்பு. அது ஓய்ந்ததும் சில நிமிடம் அவள் வாயில் வருவது எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். அது மலையாளம் என்று சாமி கண்ணை மூடிக் கேட்டு மொழிபெயர்ப்பார். பேய்க்குத் தேவையானதெல்லாம் கொட்டிலுக்கும் தேவையாக இருந்தது தெய்வச் செயல். போன மாதம் தரைக்கு ரைல்ஸ். இந்த மாதம் தண்ணீர் மோட்டர்.

மதுரா இடக்கைக்காரி. அதுவும் பேயின் வேலையாம். அந்தக் கையில் கறுப்பு நூல் கட்டினார். அதுவரை எனக்குச் சிரிப்புத்தான். பிறகு, வலிப்புக்கு டாக்டர் தந்த குளிசையை நிற்பாட்டச் சொன்னார்.

என் மனைவி குணலட்சுமிக்கும் வலிப்பு இருந்தது. வேறொரு சாமி, இதே சொல். நிற்பாட்டியவன் நான். ஒன்பதாம் நாள் கிணற்றடியில் விழுந்தாள். எழும்பவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சுஹறாவைத் தங்கையிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

"அக்கா, பேச்சுக்கு மூளையிலை ஒரு வீடு இருக்கு. கனபேருக்கு இடப்பக்கம். உங்கடை பிள்ளைக்குச் சின்னனிலையே அந்தப் பக்கம் வலிப்பு. பேச்சு என்ன செய்யும்? மூட்டை முடிச்சோடை வலப்பக்கம் இடம்பெயர்ந்திட்டுது. கொஞ்சச் சாமான் பழைய வீட்டிலை கிடக்கு. தொண்ணூறிலை யாழ்ப்பாணத்திலை இருந்து விரட்ட, எங்கடை முஸ்லிம் ஆக்கள் புத்தளம் போன மாதிரி. இடக்கைப் பழக்கமும் உந்த இடம்பெயர்விலை வந்திருக்கும்."

"அப்ப அந்தப் பாசை?"

"வலிப்பு வந்தா ரெண்டு வீட்டிலையும் கரண்ட் கட். சொல்லுகள் இருட்டிலை முட்டுப்படுது. குளிசை இல்லாட்டி அடிக்கடி கட்."

தங்கை யோசித்தாள். "எண்டாலும் சாமி பிழை விடமாட்டார்."

வெள்ளிக்கிழமை தங்கையும் மதுராவும் கொட்டிலில் இருக்க, சுஹறாவும் வந்தாள். போனை நீட்டினாள். "சாமி, உந்தக் குரல் என்ன சொல்லுதெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

போனில் ஓர் ஆண்குரல் குழறியது, உறுமியது, விம்மியது. சாமிக்கு உடம்பு நடுங்கியது.

"இவன் பெரிய மாந்திரிகன். ஆத்திலை மூழ்கிச் செத்து இருநூறு வருசம்!"

"என்ன கேக்கிறான்?"

"சிவப்புச் சேவல். கூரைக்கு ஓடு."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சுஹறா போனைத் திருப்பி வீடியோவைக் காட்டினாள்.

"இவர் என்ரை மனிசன் ஹமீத். முந்தநாள் பல்லுப் பிடுங்கினவர். வாய் விறைச்சு, பஞ்சோடை கதைக்கிறார். மோட்டார்சைக்கிள் பூட்டுத் திறப்பு எங்கை எண்டு கேக்கிறார். ஓடு ஒண்டும் கேக்கேல்லை."

முன்வரிசைதான் முதலில் சிரித்தது.

"அவரிலையும் இறங்கியிருக்கு!" என்றார் சாமி.

"அப்ப பஞ்சை எடுத்த உடனை ஏன் ஓடிப்போயிட்டுது?"

சாமி விளக்குக்கு எண்ணெய் பார்க்க உள்ளே போனார். வெகுநேரம் பார்த்தார்.

மதுரா எழுந்து கையை நீட்டினாள். "அம்மா, இதை அறுத்து விடுங்கோ. பிறகு வீட்டை போய்க் குளிசையைத் தாங்கோ."

தர்சிகா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். திரும்பிப் பார்க்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

பின்னால் வந்த பக்கத்துவீட்டுக் கந்தப்பு என் காதுக்குள் சொன்னார்: "எண்டாலும் தம்பி, பேய் கதைச்ச மலையாளம் சுத்தமானது."

"அண்ணை, உங்களுக்கு மலையாளம் தெரியுமோ?"

"எனக்கெங்கை தெரியும்? சனம் தலையாட்டினது, நானும் ஆட்டினன்."

அந்தச் சனத்தில் மலையாளம் தெரிந்தவர் ஒருவருமில்லை. "எனக்கு விளங்கவில்லை" என்று வாய்திறந்தவரும் ஒருவருமில்லை. தலை இருப்பது ஆட்டுவதற்கு மட்டும்தான் என்றால், ஐயாமாரே, கழுத்தில் ஒரு தேங்காயைக் கட்டினாலும் போதுமே!