பொன்னியம்மாள் நலம், ஆதாரம் இல்லை

திண்டிவனம்,
9.11.1986, ஞாயிறு.

மரியாதைக்குரிய அண்ணன் பத்மகுமார் அவர்களுக்குத் தங்கை ஞானமதி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலம். எங்கள் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சாப்பிடும் பொன்னியம்மாளும் நலம். ஆனால் அவர் நலமாக இருப்பதற்கு எழுத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. அங்கே உங்கள் சுகத்துக்கும் அண்ணியின் முழங்கால் வலிக்கும் பதில் எழுதவும்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகத் தண்ணீர் வடிகட்டினேன். நம் அம்மா பழக்கிய பழக்கம்தான், துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி, மெதுவாக ஊற்றி, பிறகு துணியில் தங்கியதை வடிகட்டிய தண்ணீராலேயே அலசிக் கிணற்றிலேயே கொண்டுபோய் விட்டேன், கண்ணுக்குத் தெரியாத உயிர் எதுவும் என் தாகத்துக்காகச் சாகக் கூடாது என்று. துணியைப் பிழிந்து கொடியில் போடும்போதுதான் எனக்கே வெட்கமாகிவிட்டது. நாற்பத்து நான்கு வயது, பி.ஏ. படிப்பு, தினமும் புழு பூச்சிக்காக இவ்வளவு பாடுபடுகிறவள், போன செப்டம்பரில் ஓர் உயிரைப் பேனாவால் முடித்துவிட்டேன். அதுவும் மூன்று பிரதி, கார்பன் வைத்து.

நடந்ததை ஆதியிலிருந்து சொல்கிறேன். பாதுகாப்புக்கு ஓர் ஆபீசும் நலத்திட்டத்துக்கு ஓர் ஆபீசும் தனித்தனியாக இருந்தால் காகிதம் நகரத் தாமதமாகிறது என்று இரண்டையும் ஒன்றாக்கி, விழுப்புரத்தில் ஒரு வாடகை மாடியில் ‘பொதுப் பாதுகாப்பு மற்றும் நலத்திட்டத் தனிப்பிரிவு’ என்று வைத்தார்களே, அந்தச் சுற்றறிக்கையை வரைந்தது கோட்டையில் உங்கள் மேஜைதான் என்று பொங்கலுக்கு வந்தபோது நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். திட்டம் நன்றாக வேலை செய்கிறது அண்ணா. இப்போது ஒரு மேஜையில் ஒருவர் செத்தால் பக்கத்து மேஜையில் அன்றைக்கே பென்ஷன் நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் ஆறு மாதம் ஆகும்.

அந்தப் பிரிவிலிருந்து பாண்டுரங்கன் என்று ஒரு மேற்பார்வையாளர் கழுத்தில் விசிலோடு வந்து, மழைக்காலத்துக்கு முன்னால் புயல் வெள்ள ஒத்திகை எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும் என்றார். மைதானத்தில் கடைசியாகத் தண்ணீர் நின்றது எப்போது என்று எங்கள் வாட்ச்மேனுக்கே ஞாபகம் இல்லை. அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. அபாயச் சங்கு வேலை செய்யாததால் பள்ளிக்கூட மணியை அடிக்கச் சொன்னார், பிள்ளைகள் எல்லாம் சாப்பாட்டு மணி என்று தட்டோடு ஓடி வந்துவிட்டார்கள், அவர்களை ‘பாதுகாப்பான இடத்துக்கு விரைந்தோர்’ என்ற பத்தியில் சேர்த்துக்கொண்டார். ஒத்திகைக்கு நடிக்க வேண்டியது காயமடைந்தோர் பன்னிரண்டு பேர், மீட்கப்பட்டோர் நாற்பது பேர், இறந்தோர் ஒருவர். “போன வருஷம் ரெண்டு இறப்புங்க மேடம். இந்த வருஷம் முன்னேற்றம் தெரியணும், ஒண்ணுக்கு மேல சாங்ஷன் இல்ல” என்றார்.

அந்த ஒரு சாவுக்கு ஆள் கிடைக்கவில்லை. சைக்கிள் கடை அமீர் பாட்சா, “கால் ஒடைஞ்சவனா வேணா இருக்கேன் டீச்சர். சாவெல்லாம் ஊட்டுல ஒத்துக்க மாட்டாங்க, பேஜாராயிடும்” என்று ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்துக்கொண்டார். மற்றவர்களும் ஆளுக்கொரு கையையோ தலையையோ உடைத்துக்கொண்டு நழுவிவிட்டார்கள். சாப்பாட்டுக்காகச் சீக்கிரமே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பொன்னியம்மாள்தான், “செத்தா இன்னா பண்ணணும்?” என்று கேட்டார். ஒன்றும் பண்ண வேண்டாம், நாலு மணி வரைக்கும் போர்த்திக்கினு படுத்திருந்தா போதும் என்றார் பாண்டுரங்கன். “அட, அறுபத்தஞ்சு வருஷத்துல எனக்கு எவனும் இப்பிடி ஒரு வேலை குடுக்கலியே” என்று சொல்லிவிட்டு, சாப்பிட்ட கையோடு அந்தம்மா வெள்ளைத் துணிக்குள் புகுந்துகொண்டார். நிஜமாகவே தூங்கிவிட்டார். பெரிய அதிகாரி வந்து, தொப்பியைக் கழற்றி, எல்லாரையும் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கச் சொன்னபோது துணிக்குள்ளிருந்து, “ஏன்யா, அல்லாரும் தலையத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிறீங்க? யாருக்கு இன்னா ஆச்சு?” என்று குரல் வந்தது. அதிகாரி அதை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்றார்.

இதுவரை யார் மேலும் தப்பு இல்லை. தப்பு என்னுடையது. பட்டியல் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். மற்ற ஊர்களில் ‘பெண், வயது முதிர்ந்தவர், ஒன்று’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் யார் தங்கை? எழுத்தில் குறை வைக்கக் கூடாது, கேட்ட இடத்தில் கேட்ட விவரம் இருக்க வேண்டும் என்று ஸ்லேட்டுப் பலகைக் காலத்திலிருந்து தலையில் குட்டி வளர்த்தது நீங்கள்தானே. பெயர், கணவர் பெயர், கதவு எண் எல்லாம் எழுதினேன். ‘அடையாளம்’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது, அது கண்ணை உறுத்தியது. பொன்னியம்மாளைத் தட்டி எழுப்பி முந்தானையில் முடிந்திருந்த ஆதரவற்ற விதவை பென்ஷன் புத்தகத்தை வாங்கி, எண்ணைப் பார்த்து எழுதி, அடிக்கோடும் போட்டேன். ‘ஒத்திகை’ என்ற சொல் மேலே வைத்த கடிதத்தில் மட்டும்தான் இருந்தது. விழுப்புரத்தில் கடிதத்தைக் கழற்றிப் பாதுகாப்பு ஃபைலில் வைத்தார்கள், பட்டியலை நலத்திட்ட மேஜைக்குத் தள்ளினார்கள். திண்டிவனத்தில் வெள்ளமா என்று அங்கே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை, விவரங்கள் அவ்வளவு சுத்தமாக இருந்தன.

அக்டோபரில் அந்தம்மாவுக்குப் பென்ஷன் வரவில்லை. தீபாவளிச் சேலை வரவில்லை. சத்துணவு அமைப்பாளர் கிருஷ்ணவேணிக்கு வந்த முதியோர் சாப்பாட்டுப் பட்டியலில் பெயர் மேல் சிவப்புக் கோடு, பக்கத்தில் ‘மரணம், வெள்ளம்’. கிருஷ்ணவேணி நல்ல பெண், தலைக்கணக்குப் பார்த்துத்தான் அரிசி வருகிறது என்றாலும் தன் தட்டிலிருந்து எடுத்து வைக்கிறாள். பொன்னியம்மாள் வாங்க மாட்டேன் என்கிறார். “எம்பேர்ல வந்த சோறுன்னா துண்ணுவேன். உன் பங்கப் புடுங்கித் துண்ண நான் இன்னா காக்காவா?” என்று சொல்லிவிட்டு, வரிசையில் முதலில் உட்காரும் அந்தம்மா இப்போது பிள்ளைகள் எல்லாம் கை கழுவிய பிறகு வருகிறார். தட்டில் ஏதாவது மிஞ்சினால் உண்டு. கேப்பங்கூழ் காய்ச்சி எடுத்துக்கொண்டு நானே வீட்டுக்குப் போனேன், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். கன்னம் ஒட்டிவிட்டது அண்ணா. பட்டியல் மெதுவாக உண்மையாகிக்கொண்டு வருகிறதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அமீர் பாட்சா விஷயம் வேறு. அவருக்கு நலத்திட்டத்தில் இரண்டு ஊன்றுகோல் வந்துவிட்டது, வீடு தேடி, மாலையோடு. கால் நன்றாக இருக்கிறது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். பயனாளி மன உறுதியோடு இருப்பதாக எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். கடைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒன்றை முட்டுக் கொடுத்திருக்கிறார், இன்னொன்றில் டியூப் தொங்குகிறது.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பொன்னியம்மாளை பஸ்ஸில் விழுப்புரம் அழைத்துப் போனேன். அந்த மேஜையில் அரங்கநாதன் என்று ஒருவர். கெட்ட மனிதர் என்று சொல்லவே மாட்டேன், எழுந்து நாற்காலி கொடுத்தார், “வெயில்ல வந்துக்கிறீங்க ஆயா, மொதல்ல டீ குடிங்க” என்று டீ வரவழைத்தார். அப்புறம் பதிவேட்டைத் திறந்து, “இந்தம்மா செப்டம்பர்லயே தவறிட்டாங்களே மேடம்” என்றார்.

“யோவ், செத்தவளுக்கு எதுக்குய்யா டீ வாங்கிக் குடுத்த?” என்றார் பொன்னியம்மாள்.

“அது என் சொந்தப் பொறுப்புல குடுத்தது ஆயா. ஆபீஸ் வேற.”

நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறாரே, இதைவிட என்ன வேண்டும் என்று கேட்டேன். இறந்தவர் நேரில் வந்து மனுக் கொடுக்க விதி இல்லையாம், வாரிசுதான் கொடுக்க வேண்டுமாம். அதுவும் இரத்த சம்பந்தமுள்ள வாரிசு, அரசு ஊழியராக இருந்தால் ஜல்தியாக முடியுமாம். அந்தம்மாவுக்குப் பிள்ளையும் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை, யாரும் இல்லை என்பதால்தானே ஆதரவற்றோர் பென்ஷனே கொடுத்தீர்கள் என்றேன். “கரெக்ட்டுங்க மேடம். வாரிசு இருந்தா பென்ஷன் கேன்சல். வாரிசு இல்லாட்டி மனு கேன்சல்” என்று அவரும் என்னோடு சேர்ந்து வருத்தப்பட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “உள்ளதச் சொல்றேங்க. இதுக்கு முன்மாதிரி இல்ல. ஒரே ஒருத்தரு உயிரோட திரும்பின ஃபைலு இருந்தா, அதைக் காட்டி நூறு பேரை எழுப்பிடுவேன். மொதல் ஆளுதான் கஷ்டம். அதுக்கு ஆளு, யூனியன், மேலிடம் எல்லாம் வேணும், ஆயாவால ஆவாது” என்றார். வெளியே வரும்போது என் கையில் ஓர் உறையைக் கொடுத்தார். ஒத்திகையில் விவரங்களைச் செம்மையாகப் பூர்த்தி செய்ததற்கு எனக்குப் பாராட்டுக் கடிதம். கூடவே புதிய படிவங்கள். வருகிற புதன்கிழமை விழுப்புரத்தில் அடுத்த ஒத்திகை, பட்டியலை நானே எழுதி வர வேண்டுமாம். “உங்க கையெழுத்து மாதிரி யாருக்கும் வராதுங்க மேடம். இந்தத் தடவையும் இறப்பு ஒண்ணுதான்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் பொன்னியம்மாள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கடலை பயிராகிக் கிடந்த மல்லாட்டைக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழியில் என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல் கேட்டார்: “நீ எழுதின எழுத்துதானே டீச்சர். நீயே அழிச்சுடேன்?”

நான் தினமும் நாற்பது பிள்ளைகளின் தப்புக் கணக்கை அழித்துத் திருத்துகிறவள். பாராட்டுக் கடிதத்தைப் பைக்குள் இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தள்ளினேன்.

ஆகவே அண்ணா, நீங்கள் கோட்டையில் மேலிடத்தில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போனில் சொன்னால் எழுத்தில் கொடு என்பீர்கள், அதனால் எழுத்திலேயே கேட்கிறேன். இறந்தவரை ‘மீட்கப்பட்டோர்’ பத்தியில் சேர்க்கலாம் என்று ஒரே ஒரு வரி ஆணை வந்தால் போதும். இதுவரை எனக்காக உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னால், “உங்கண்ணன் அதை நாலு செக்‌ஷனுக்கு அனுப்பிக் கருத்துக் கேப்பாரு, அதுக்குள்ள அந்தம்மா நெஜமாவே போயிடும்” என்கிறார். அப்படி இல்லை என்று உங்களுக்காக வாதாடியிருக்கிறேன்.

அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடுக்கவும். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். எல்லா உயிரும், பதிவேட்டில் இருப்பவையும் இல்லாதவையும், நல்லபடி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தங்கை,
ஞானமதி.

பி.கு.: மேலே கேட்டது எதுவும் வேண்டாம். யாரிடமும் பேச வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் புதன்கிழமைப் படிவத்தை எடுத்தேன். அதில் இறந்தோர் கட்டத்தில் நேற்றே பென்சிலால் பாண்டுரங்கன் சார் பெயரை எழுதிப் பார்த்திருந்தேன், மிகவும் பொருத்தமாக இருந்தது. காலையில் வடிகட்டும் துணியைப் பிழிந்த கை அல்லவா, இப்போது அழித்துவிட்டேன். ஆனால் அரங்கநாதன் சொன்ன அந்த முதல் ஆள் வேண்டியிருக்கிறதே. பொன்னியம்மாளால் முடியாது. எனக்கு யூனியன் இருக்கிறது, பி.ஏ. இருக்கிறது, கோட்டையில் அண்ணன் இருக்கிறார். இந்த முடிவை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் மாப்பிள்ளை பக்கத்து அறையில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். என் பெயரை எழுதப் போகிறேன். கணவர் பெயர், கதவு எண், பணியில் சேர்ந்த தேதி, சேமநிதி எண் எல்லாம். ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. அடுத்த மாதம் என் சம்பளம் நின்றதும் உங்களுக்குத் தந்தி வரும். இரத்த சம்பந்தமுள்ள வாரிசு, அரசு ஊழியர், நீங்கள் ஒருவர்தான். விழுப்புரத்துக்கு நேரில் வர வேண்டியிருக்கும். மனு எழுதும்போது விவரத்தில் குறை வைக்காதீர்கள் அண்ணா, பின்னாலேயே அதைப் பார்த்து இன்னொருவர் எழுந்து வர வேண்டும்.