உக்கடம் பஸ்ஸும் நாலாவது கதையும்

சினிமா பார்க்கிறவர்களில் பல வகை உண்டு. அழுவதற்காகப் போகிறவர் உண்டு. ஏசிக்காகப் போகிறவர் உண்டு. பாப்கார்ன் தின்னப் போய், போன பாவத்துக்குப் படத்தையும் பார்த்துவிட்டு வருகிறவர் உண்டு. இவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. இன்னொரு வகை இருக்கிறது. எந்த ஊரிலும் முளைக்கும் என்றாலும் கோயமுத்தூர் மண்ணில் அது தனிச் செழிப்போடு வளர்கிறது. அந்த இனத்துக்கு 'ஊர் சரிபார்ப்பவர்' என்று பெயர் வைப்போம்.

இவர் எல்லாப் படத்துக்கும் வரமாட்டார். தன் ஊரில் எடுத்த படமென்றால் முதல் நாளே வந்துவிடுவார். வந்து உட்கார்ந்து, கதாநாயகி அழுதுகொண்டே ஓடினால், அவள் எதற்காக அழுகிறாள் என்று பார்க்கமாட்டார். ரேஸ்கோர்ஸில் ஓட ஆரம்பித்தவள் மூன்றே எட்டில் டவுன்ஹால் மணிக்கூண்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று பார்ப்பார். வில்லன் கத்தியை ஓங்கும்போது பின்னால் தெரிகிற பேக்கரியின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பார். யாராவது சாகக் கிடந்தால், அந்த ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை பெரிய வேப்பமரம் கிடையாதே என்று மனமார வருந்துவார். வருத்தம் உண்மையானதுதான். ஆனால் மரத்துக்காக.

ஏன் இப்படி? கோயமுத்தூர்க்காரர்களாகிய நமக்கு மூன்று பெருமைகள்: சிறுவாணித் தண்ணீர், சில்லென்ற காற்று, மரியாதை. இதில் நாம் செய்தது என்ன என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர் மலையிலிருந்து வருகிறது, காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிறது, மரியாதை 'ங்க' போட்டால் தானாக வந்துவிடுகிறது. நம் உழைப்பு என்று ஒன்று இருக்கவேண்டாமா? அதனால்தான் அடுத்தவர் எடுத்த படத்தில் பிழை கண்டுபிடிக்கிறோம்.

இந்த இனத்தின் சுத்தமான மாதிரி ஒருவரைப் பார்க்கலாம். பெயர் கதிரேசன். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக முப்பத்திரண்டு வருடம் கோவைத் தெருக்களில் அண்ணாந்தபடியே நடந்து ஓய்வு பெற்றவர். வீடு நகரத்துக்குத் தெற்கே, உக்கடத்தில் பஸ் ஏறிப் போகவேண்டிய கிணத்துக்கடவில். அவர் ஊரை அறிந்தது டிரான்ஸ்பார்மர்களை வைத்து. "அந்தக் காதல் காட்சி ஆர்.எஸ்.புரம்னு சொல்றாங்க. அது ஆர்.எஸ்.புரம் டிரான்ஸ்பார்மரே இல்லீங்க" என்று ஒரு படத்தையே அவர் தள்ளுபடி செய்ததுண்டு.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்தச் சோதனை வந்தது. கோயமுத்தூரைக் கொண்டாடி 'நம்மூரு அஞ்சு' என்று ஒரு படம். ஐந்து இயக்குநர்கள், ஐந்து குட்டிக் கதைகள். அதில் நாலாவது கதையை எடுத்தவள் இளவேனில், கதிரேசனின் ஒரே மகள். ஐந்து வருடமாகச் சென்னையில் உதவி இயக்குநராக அலைந்து, முதல் முறையாகத் தன் பெயரைத் திரையில் பார்க்கப் போகிறாள். தயாரிப்பாளர் வேறு ஒன்று சொல்லியிருந்தார்: வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று பார்ப்பேன், எந்தக் கதையை அதிகம் பாராட்டுகிறார்களோ அந்த இயக்குநருக்கு முழுநீளப் படம்.

வெள்ளிக்கிழமை காலை செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கதிரேசனை அவர் மனைவி செவ்வந்தி வாசலில் மறித்தாள்.

"ஏனுங்க, வெளிய வாரப்ப மைக்க நீட்டுவாங்க. 'நாலாவது கதை நல்லா இருந்துச்சுங்க'ன்னு சொல்லோணும். நாலே வார்த்தை. அஞ்சாவது வார்த்தை பேசாதீங்க."

"எனக்குத் தெரியாதா அம்மணி? எம் புள்ள படம்."

"உங்களுக்குத் தெரியும்ங்க. உங்க வாய்க்குத் தெரியாது."

கதிரேசன் பஸ்ஸில் அந்த நாலு வார்த்தையைப் பலமுறை சொல்லிப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

தியேட்டர் வாசலில் நண்பர் ரசாக் காத்திருந்தார். ஒப்பணக்கார வீதியில் பட்டனும் லேஸும் விற்கிறவர். அதே இனம், வேறு கிளை. கதிரேசன் கம்பங்களைப் பார்ப்பார், ரசாக் பேச்சைப் பார்ப்பார். ஒரு வசனத்தில் 'ங்க' குறைந்தால் "இவன் சேலத்துக்காரன்" என்பார், கூடினால் "இவன் மெட்ராஸ்காரன், நம்மள நக்கல் பண்றான்" என்பார். சரியான அளவு எதுவென்று அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

படம் ஆரம்பித்தது. முதல் கதையில் காதலர்கள் மருதமலைப் படியில் பிரிந்தார்கள். படி எண்ணிக்கையில் தகராறு வந்து பிரிவை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது கதையில் எல்லாரும் தண்ணீர் குடித்தார்கள். குடித்துக் குடித்து, "சிறுவாணித் தண்ணி மாதிரி வருமா?" என்றார்கள். தியேட்டர் கைதட்டியது. மூன்றாவது கதையில் ஒரு பஞ்சாலை மூடியது. சங்கு ஊதிய நேரம் தப்பு என்று பின்வரிசையில் ஒருவர் கடிகாரத்தைக் காட்டி நிரூபித்தார்.

நாலாவது கதை. திரையில் மகளின் பெயர் வந்தது. கதிரேசன் ரசாக்கின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. அந்தப் பெயரை எத்தனை நாள் எத்தனை பள்ளிக்கூட விண்ணப்பத்தில் எழுதியிருப்பார்! இப்போது அது சுவர் அகலத்துக்கு நின்றது. 'கடவுளே, நல்லா இருக்கட்டும்' என்று அவர் வேண்டிக்கொண்டது சத்தியம்.

காந்திபுரத்தில் சென்னைக்குப் போகிற ஆம்னி பஸ்கள் நிற்கும் இடம். வயசான ஒருவர் கையில் காலிப் பையோடு நிற்கிறார். டீக்கடைக்காரர் கேட்கிறார்: "எங்கீங்க போகோணும்?"

"கிணத்துக்கடவுங்க" என்றார் பெரியவர்.

அவ்வளவுதான். கதிரேசனின் வேண்டுதல் காற்றில் போயிற்று. "அட, அதுக்கு உக்கடத்துக்கல்லங்க போகோணும்!" என்றார் ரசாக்கிடம். ரசாக் அதே விநாடியில் அதையே அவரிடம் சொன்னார். முன்வரிசையில் ஒரு குடும்பம் அதைச் சொன்னது. பால்கனி மொத்தமும் "உக்கடம்!" என்றது. நானூறு பேர் ஒரே குரலில் ஒரு பஸ் நிலையத்தின் பெயரைச் சொல்லி, பிறகு ஏன் உக்கடம், எப்போதிலிருந்து உக்கடம், மேம்பாலம் வந்தபிறகு உக்கடத்தில் எங்கே ஏறுவது என்று விளக்கி முடித்துத் திரும்பினால், திரையில் பெரியவர் இல்லை. கதை முடிந்திருந்தது. ஐந்தாவது கதை ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே யூடியூப் சேனல்காரப் பெண் இல்மா மைக்கோடு நின்றாள்.

"சார், படம் எப்படிங்க?"

"நாலாவது கதை நல்லா இருந்துச்சுங்க" என்றார் கதிரேசன். கச்சிதமாக நாலு வார்த்தை. உதட்டை இறுக மூடிக்கொண்டார். செவ்வந்தி அங்கே இருந்திருந்தால் திருஷ்டி கழித்திருப்பாள்.

"குறை ஏதாச்சும் இருந்துச்சுங்களா சார்?"

ஊர் சரிபார்ப்பவரிடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கலாமா? பசித்தவன் முன்னால் இலையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாதே என்றால் நியாயமா? கதிரேசன் ஒரு பெருமூச்சு விட்டார். பெருமூச்சின் முடிவில் உக்கடம் இருந்தது. "தப்பா நெனைக்காதீங்க, ஒரே ஒரு விசயம்..." என்று ஆரம்பித்தவர், நாலு நிமிடம், கையால் காற்றிலேயே வரைபடம் வரைந்து, அந்த இடத்தில் கிணத்துக்கடவு பஸ் வருகிற பேச்சுக்கே இடமில்லை என்பதையும், முப்பத்திரண்டு வருடம் தினமும் அந்தப் பஸ்ஸில் போய்வந்தவன் தானென்பதையும், இதுகூடத் தெரியாமல் எடுத்தால் ஜனங்கள் எப்படி நம்புவார்கள் என்பதையும் கோவை மரியாதை ஒரு இழை குறையாமல் சொல்லி முடித்தார். ரசாக் பக்கத்தில் தலையை நீட்டி, "டைரக்டர் பொண்ணு இவரு மகதானுங்க!" என்று பெருமையோடு முத்தாய்ப்பு வைத்தார்.

'மகள் படத்தையே கிழித்த கோவை அப்பா!' என்ற தலைப்பில் வீடியோ அன்று மாலையே ஏறியது. சனிக்கிழமை மதியத்துக்குள் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். 'அய்யா சொன்னதுதான் சரி', 'உக்கடம் தெரியாம கோவைப் படமா?' என்று கீழே கமெண்ட் குவிந்தது. செவ்வந்தி தட்டில் ரசம் மட்டும் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று தொட்டுக்கொள்ள அப்பளம்கூட இல்லை.

சாயங்காலம் மகளின் போன் வந்தது.

"அப்பா, படம் பாத்தீங்களா?"

"பாக்காமயா கண்ணு! நல்லாத்தான் எடுத்திருக்கற. அந்தப் பஸ்ஸு மட்டும்..."

"அந்தப் பெரியவரு கிணத்துக்கடவுன்னு சொன்னதுக்கு டீக்கடைக்காரரு என்ன சொன்னாருங்கப்பா?"

கதிரேசன் யோசித்தார். டீக்கடைக்காரர் எதையாவது சொன்னாரா?

"சென்னைல அந்த எடத்துல எல்லாரும் அழுதாங்களாம். மதுரைல எந்திரிச்சு நின்னு கைதட்டுனாங்களாம். நம்மூருல மட்டுந்தான் ஒருத்தருக்கும் கேக்கலீங்கப்பா." குரல் கொஞ்சம் உடைந்தது. "இன்னொருக்கா போய்ப் பாருங்க. தனியாப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை கதிரேசன் தனியாகப் போனார். எப்போதும் பின்வரிசை கேட்கிறவர், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்தார். பெரியவர் கிணத்துக்கடவு என்றதும் தியேட்டர் முழுக்க "உக்கடம்!" என்று கூவியது. கதிரேசன் எழுந்து திரும்பி, "ஸ்ஸ்! கம்முனு இருங்க!" என்று கத்தினார்.

"ஏனுங்க, உங்க வீடியோவப் பாத்துப்போட்டுத்தானுங்க கத்தறோம்" என்றது ஒரு குரல். ஆறு லட்சம் பேருக்கு அவர் சொல்லிக்கொடுத்த பாடம். யாரைக் குறை சொல்வது? காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு ஒலிபெருக்கியை அண்ணாந்து நின்றார். முப்பத்திரண்டு வருடம் அண்ணாந்த பழக்கம் அன்று உதவியது.

திரையில் டீக்கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்: "அதுக்கு உக்கடத்துக்கல்லங்க போகோணும்? இங்க மெட்ராஸ் பஸ்ஸுதானுங்க நிக்கும்."

"தெரியுங்க" என்றார் பெரியவர். "பொண்ண மெட்ராஸுக்கு ஏத்தி உட்டுட்டு நிக்கறனுங்க. பஸ்ஸு போயி ஒரு மணி நேரமாச்சு. காலு நவுர மாட்டீங்குது."

டீக்கடைக்காரர் வேறு எதுவும் கேட்காமல் ஒரு டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தார். கதை அவ்வளவுதான்.

கதிரேசன் உட்காரவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால், அதே காந்திபுரத்தில், மகளைச் சென்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டு அவர் அப்படித்தான் நின்றார். அன்று தாமதமாக வீடு திரும்பி, "உக்கடத்துல ஒரே டிராபிக்கு" என்று செவ்வந்தியிடம் பொய் சொன்னார். மகள் போனில் கேட்டபோது, "நீ ஏறுன ஒடனே நான் கெளம்பிட்டேன் கண்ணு, பஸ்ஸும் ஒடனே கெடச்சுது" என்றார். யாருக்கும் தெரியாது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும் இல்மாவைத் தேடிப் பிடித்தார். மைக்கைத் தானே வாங்கி வைத்துக்கொண்டார். "நான் அன்னிக்குச் சொன்னது தப்புங்க. நான் படத்தப் பாக்கல, பஸ்ஸப் பாத்தேன். என்னைய மன்னிச்சிருங்க" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"போடறேனுங்க சார்" என்றாள் இல்மா சங்கடத்தோடு. "ஆனா பாராட்டுனா யாரும் பாக்கமாட்டாங்க."

அவள் சொன்னது நடந்தது. அந்த வீடியோ ஓடியது நாற்பத்து மூன்று தடவை. அதில் பதினெட்டு தடவை பார்த்தவர் கதிரேசன். திங்கட்கிழமை தயாரிப்பாளர் அறிவித்தார்: முழுநீளப் படம் தண்ணீர் குடித்த கதைக்கு.

கதிரேசன் மகளுக்குப் போன் செய்தார். "என்னாலதான் கண்ணு போச்சு" என்றார்.

"உடுங்கப்பா. அடுத்த கதை எழுதிட்டுத்தான் இருக்கேன்."

"அன்னிக்கு நீ பாத்தியா?"

"பஸ்ஸு ஒரு சுத்து சுத்தித்தானுங்கப்பா மெயின் ரோட்டுக்கு வந்துச்சு. ஜன்னல்ல பாத்தேன். நின்னுட்டே இருந்தீங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். சொல்லவேயில்ல. அதான் படமா எடுத்தேன்."

கதிரேசன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். மகள் வைத்துவிடுவாள் என்ற பயத்தில்தான் வாயைத் திறந்தார். "கண்ணு... தப்பா நெனைக்காத. ஒரே ஒரு விசயம்."

"சொல்லுங்க."

"படத்துல அந்தப் பெரியவரு டீக்கடைக்கு முன்னால நிக்கறாரு. அது தப்பு. நான் நின்னது எதுத்தாப்புல, மருந்துக்கடை வாசல்ல. ஒரு மணி நேரமில்ல... ரெண்டேகால் மணி நேரம்."

அந்தப் பக்கம் இளவேனில் சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லை.

ஆக, ஊர் சரிபார்ப்பவர் திருந்துவதில்லை. அவர் மனசில் இருப்பதுகூட ஒரு திருத்தமாகத்தான் வாய் வழியே வெளிவரும். இந்த இனத்தில் நீங்கள் இல்லையென்று நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தால் நல்லது, சிரியுங்கள். ஆனால் இந்தக் கதையைப் படிக்கும்போது, அப்பாவுக்கும் மகளுக்கும் என்ன ஆகுமோ என்று தவிப்பதற்கு முன்னால், 'இது எந்தத் தியேட்டர், பெயரையே போடவில்லையே' என்று ஒரு நிமிடம் யோசித்தீர்களா? காந்திபுரத்தில் ஆம்னி பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே மருந்துக்கடை இருக்கிறதா என்று மனசுக்குள் ஒரு சுற்றுப் போய் வந்தீர்களா?

வந்தீர்கள் அல்லவா? வாங்க, உட்காருங்க. நானும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்.