மலேசியா சுருளியாண்டி

கூடலூரில் "ஆளையே காணோமே, எங்க?" என்று கேட்டால், "மலையாளத்துக்குப் போயிருக்காக" என்று பதில் வரும். கேட்பவருக்கு ஆள் கப்பலேறிப் போன மாதிரி இருக்கும். போனவர் ஜீப்பில் அரைமணி நேரம் மலையேறி, கேரள எல்லைக் குமுளியில் நாலு பெட்டி தக்காளியை இறக்கிவிட்டு, மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். காலங்காலமாக இப்படிப் பேசிப் பழகிய ஊர். இந்தப் பேச்சால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை. சுருளியாண்டிக்குத்தான் முதன்முதலாக வந்தது.

சுருளியாண்டிக்கு முப்பத்திரண்டு வயது. குமுளியில் ஓர் ஏலக்காய்க் கம்பெனியின் கிடங்கில் காயைத் தரம் பிரித்து எழுதும் வேலை, மாதம் பதினெட்டாயிரம். காலையில் டிரைவர் வீரணனின் ஜீப்பில் ஏறுவான், சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவான். வீட்டில் மனைவி மாரீஸ்வரி ஐந்து மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டானது. ஒன்பதாம் மாதம் வளைகாப்பு, அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கை நிறைய வளையல் பார்க்க வேண்டும்; அவனுக்கு வாழ்க்கையில் அப்போது இருந்த ஆசை அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனியை வெளிநாட்டுக்காரர்கள் வாங்கினார்கள். கம்பெனி பெயரைச் சொன்னால் கேஸ் போடுவார்கள், நமக்கு எதற்கு? வாங்கிய கையோடு எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பினார்கள். தமிழிலேயே இருந்தது. ஏதோ மிஷின் மொழிபெயர்த்திருக்கும் போல. அதில் ஒரு கேள்வி: "தாங்கள் பணிபுரியும் தேசம்?"

எதிர் நாற்காலியில் பேபிச்சன். குமுளியிலேயே பிறந்து வளர்ந்தவர், அதே வேலை, பத்தொன்பதாயிரம். அவர் "குமுளி" என்று எழுதினார். "ஞங்ஙளுக்கு தேசம்னா ஊராணு" என்றார். சுருளியாண்டி யோசிக்கவே இல்லை. வாயில் வருவதைக் கையால் எழுதினான்: "மலையாள தேசம்."

இருபது நாளில் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. 'தாய்மண்ணைத் துறந்து அந்நிய மண்ணில் நமது நிறுவனத்தின் கொடியைத் தாங்கி நிற்கும் தங்கள் தியாகத்தை நிர்வாகம் நெஞ்சார மெச்சுகிறது. மலேசிய நாட்டின் வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ப, இனி தங்கள் ஊதியம் மாதம் எழுபத்தெட்டாயிரம்.'

சுருளியாண்டி பஸ் பிடித்துத் தேனி ஆபீசுக்கு ஓடினான். மேனேஜர் ஜாஸ்பர் சார் அவனுக்கு முன்பே கடிதத்தைப் படித்திருந்தார்.

"சார், நான் குமுளியில வேலை பாக்குறேன்."

"தெரியும்."

"இதுல மலேசியான்னு போட்டிருக்கு."

"நீங்க என்னன்னு எழுதுனீக?"

"மலையாள தேசம்."

"அதத்தான அடிச்சேன். எம், ஏ, எல், ஏ, ஒய். அதுவரைக்கும்தான் நான். மிச்சத்தக் கம்ப்யூட்டர் அதுவா அடிச்சுக்கிருச்சு."

"மாத்தி விட்டுருங்க சார்."

"மாத்தலாம். பொய்த் தகவல் குடுத்து வெளிநாட்டுச் சம்பளம் வாங்கப் பாத்தேன்னு நீங்க எழுதிக் குடுக்கணும். அதைப் பாக்காமப் பதிஞ்சேன்னு நான் எழுதிக் குடுக்கணும். ரெண்டு பேரு சீட்டும் ஒரே நாள்ல கிழியும். பேசாம வாங்கிக்கங்க. எனக்குச் சம்பளம் இருபத்தாறாயிரம்தான். நான் வயித்தெரிச்சலா பட்டேன்?"

பட்டிருந்தார். முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

"இதுல கஷ்டப்படின்னு ஒண்ணு இருக்கே, அது எதுக்கு சார்?"

"குடும்பத்தைப் பிரிஞ்சு இருக்கீகள்ல, அதுக்கு."

"நான்தான் சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்குப் போயிருவேனே."

"அது என் காதுல விழல" என்றார் ஜாஸ்பர்.

பேபிச்சனிடம் மறைக்க முடியவில்லை. ஒரே மேஜை, ஒரே விளக்கு, ஒரே டீக்கடைக் கணக்கு. அவர் ஒரு காயைக் கையில் எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். "சுருளி, இதை நீ எடுத்து வச்சா எழுபத்தெட்டு. ஞான் எடுத்து வச்சா பத்தொம்பது. இது ஏலக்காய்க்குத் தெரியுமோ?" அன்றைக்கு டீ சுருளியாண்டி வாங்கிக் கொடுத்தான். அதற்கப்புறம் எல்லா நாளும் அவன்தான்.

ஊருக்குள் விஷயம் பரவ ஒரு பொழுது போதுமே. வீரபாண்டித் திருவிழாவுக்குத் தெருப் பையன்கள் வைத்த பிளக்ஸில் அவன் படம் இத்தனை பெரிதாக ஏறியது. பின்னால் இரட்டைக் கோபுரம், கீழே 'வெளிநாடு வாழ் கூடலூர் மைந்தர், மலேசியா சுருளியாண்டி.' அந்தப் பிளக்ஸுக்கு அடியில் நின்றுதான் அவன் தினமும் ஜீப் ஏறினான். ஒருத்தருக்கும் அது வினோதமாகப் படவில்லை.

சுருளியாண்டி அம்மாவாசியின் மளிகைக் கடைக்குப் போனான்.

"அண்ணே, தக்காளி ஒரு கிலோ."

"நூத்திமுப்பது."

"இப்பத்தான் அந்தக்காவுக்கு இருபது ரூவான்னு குடுத்தீக?"

"அந்தக்கா உள்ளூரு. உனக்கு மலேசியா ரேட்டு. செல்லுல பாத்துட்டுத்தான் சொல்றேன். அங்கன என்ன விலையோ அதான். மேல ஒரு ரூவா வைக்கல."

"இது நம்ம கூடலூர்த் தக்காளிண்ணே."

"சம்பளம் கூடலூர்ச் சம்பளமா?"

 சுருளியாண்டி நூற்றுமுப்பது எடுத்து வைத்தான். வீரணன் முப்பது ரூபாய் ஜீப்புக்கு முந்நூறு கேட்டான். "ஏலே, தினமும் வர்றவன்டா நான்" என்றதற்கு, "பிளைட்டுல போனா இதைவிடக் கூட ஆகும்ணே, விசாரிச்சுட்டேன்" என்றான். வீட்டுக்காரர் வாடகையை மலேசியாவில் இரண்டு அறைக்கு என்னவோ அதற்கு ஏற்றினார். முடிவெட்டுகிறவரும் பால்காரரும் தங்களுக்குத் தெரிந்த மலேசியாவைச் சொன்னார்கள். மாதக் கடைசியில் எழுபத்தெட்டாயிரமும் போய், மாரீஸ்வரியின் உண்டியலிலிருந்து நானூறு ரூபாய் கடன் வாங்கினான். ஆனால் தெருவில் போகும்போது நாலு பேர் எழுந்து நின்றார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. அது அவனுக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டாவது மாதம் அடுத்த கடிதம். 'அயல்நாட்டுப் பணியாளர் ஆண்டுக்கு இருபத்தொரு நாட்கள் மட்டுமே தாய்நாட்டில் தங்கலாம். தாங்கள் முதல் இருபத்தொரு நாட்களிலேயே இருபத்தொரு நாட்களையும் கழித்துவிட்டீர்கள். எஞ்சியுள்ள விடுப்பு: இல்லை. மீறினால் கொடுத்த ஊதியம் அனைத்தும் திரும்பப் பெறப்படும்.'

செல்போனில் ஒரு ஆப் இருந்தது. எந்த இடத்தில் இருக்கிறான் என்று அது சொல்லும். போனைப் பேபிச்சனிடம் கொடுத்துவிட்டு வரலாம் என்றால், காலையும் மாலையும் சுருளியாண்டியின் முகத்தைக் காட்டு என்று கேட்கும். இரண்டு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டு என்றால் எங்கே போவான்? அதுதான் தக்காளியாகவும் ஜீப்பாகவும் கரைந்துவிட்டதே. குமுளியில் ஒரு ரூம் எடுத்தான். ரூமுக்காரர் வாடகை எண்ணூறுதான் கேட்டார். பிளக்ஸ் இன்னும் மலையேறி வரவில்லை.

எட்டாம் மாதம் பிறந்தது. மாரீஸ்வரி பார்க்க வருகிறேன் என்றாள். முறைப்படி ஜாஸ்பரிடம் கேட்டான்.

"குடும்பத்தாரு தாராளமா வரலாம். விசா நகல் மட்டும் அனுப்பிச்சிருங்க."

"கூடலூர்ல இருந்து குமுளிக்கு என்ன சார் விசா?"

"படிவத்துல அந்தக் கட்டம் இருக்கு, சுருளி. கட்டத்தைக் காலியா விட்டா மேல போகாது."

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மாரீஸ்வரி தூக்குவாளியோடு எல்லை வளைவுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து நின்றாள். சுருளியாண்டி கேரளப் பக்கம். இந்த வளைவுக்குக் கீழே மாடு போகிறது, லாரி போகிறது, இரண்டு மாநில நாயும் போய்வருகிறது. சுருளியாண்டி மட்டும் போனைப் பிடித்த கையை அந்தப் பக்கமே விட்டுவிட்டு, இன்னொரு கையை நீட்டிக் கருவாட்டுக் குழம்பை வாங்கி, நின்றபடியே சாப்பிட்டான்.

"வயிறு கீழ இறங்கிருச்சு பாத்தீகளா?" என்றாள் அவள்.

"ம்."

"வர்ற மாசம் பத்தாந்தேதி வளைகாப்பு. ஊரே வந்து வளையல் போடுவாக. நீங்க இங்கன நின்னு செல்லுல பாப்பீகளோ?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். குழம்பில் முள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள். முள் இல்லை.

"எனக்கு மலேசியா புருஷன் வேணாம். பதினெட்டாயிரத்துக்கு இருந்தீகளே, அவரு போதும். அவரை அனுப்பி விடுங்க" என்று சொல்லிவிட்டு வாளியைக் கழுவாமலே வாங்கிக்கொண்டு ஜீப்பேறினாள். வீரணன் அவளிடமும் முந்நூறு வாங்கினான். மலேசியாக்காரர் சம்சாரம் அல்லவா?

அன்றைக்கே சுருளியாண்டி தலைமையகத்துக்கு எழுதிப் போட்டான். 'ஐயா, நான் இருப்பது குமுளி. இது இந்தியாவில்தான் இருக்கிறது. தயவுசெய்து என்னை வீட்டுக்கு விடுங்கள்.' சீட்டுக் கிழிந்தால் கிழியட்டும் என்றிருந்தான். பதில் வந்தது: 'தங்கள் கோரிக்கை பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. இரு தேசங்களின் வாழ்க்கைச் செலவையும் நேரில் ஒப்பிட அதிகாரி வருவார்.'

அதிகாரி சுந்தர்ராஜ் வந்தார். கழுத்தில் கம்பெனி அட்டை, கையில் டேப்லெட். தேசம் எது என்று பார்க்க அவருக்கு அதிகாரம் இல்லை. விலை கேட்க மட்டும்தான். முதலில் கூடலூரில் அம்மாவாசி கடைக்குப் போனார். அம்மாவாசி கழுத்து அட்டையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"தக்காளி?"

"நூத்திமுப்பது."

"ஜீப் கட்டணம்?"

"முந்நூறு" என்றான், பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த வீரணன்.

கேட்ட விலைகளை ஒரு தாளில் எழுதி முத்திரை குத்தி அம்மாவாசிக்கு ஒரு நகல் கொடுத்துவிட்டு, மலையேறிக் குமுளிக்குப் போனார். அங்கே தக்காளி இருபத்தைந்து. இன்று காலை கூடலூரில் பறித்ததுதான் என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். ரூம் எண்ணூறு. சுந்தர்ராஜ் எல்லாவற்றையும் டேப்லெட்டில் தட்டி, ஒரு கூட்டல் போட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

தீர்ப்பு பத்து நாளில் வந்தது. 'தாய்நாடாகிய கூடலூரே உலகின் செலவு மிகுந்த ஊர்களுள் ஒன்று என்று தெரியவருகிறது. அதை விட்டு மலிவான அயல்நாட்டில் வசிக்கும் பணியாளருக்கு யாதொரு கஷ்டமும் இல்லை. ஆகவே படிகள் அனைத்தும் ரத்து. பணியாளர் தாய்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார், கூடலூர் கிடங்குக்கு, பழைய ஊதியத்தில்.' பிடித்தம் எதுவும் இல்லை. சுருளியாண்டி கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

தாய்நாடு திரும்புகிறவருக்கு ஒரு நாள் பயிற்சி உண்டு என்று விதி. ஜாஸ்பர் அவனை எதிரே உட்காரவைத்துத் தாளைப் பார்த்துப் படித்தார். "இங்கு மக்கள் தமிழ் பேசுவர். உணவு காரமாக இருக்கும். மனைவி முதலில் அந்நியராகத் தோன்றக்கூடும், பதற்றப்பட வேண்டாம்." கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான்.

பத்தாம் தேதி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மாரீஸ்வரியின் இரண்டு கையிலும் முழங்கைக்குக் கிட்ட வரைக்கும் வளையல். அவன் அழுதான், வெட்கப்படாமல் அழுதான். பேபிச்சனும் வந்திருந்தார். செலவு மிகுந்த கூடலூருக்கு அயல்நாட்டு ஆள் ஒருவர் வேண்டும் என்று தலைமையகம் கேட்டிருந்ததாம். இந்த முறை அவர் படிவத்தில், அங்கே ஊர்ப்பேச்சில் நம் பக்கத்தைச் சொல்லுகிற மாதிரியே, "பாண்டி தேசம்" என்று எழுதினார். ஜாஸ்பர் பி, ஏ, என் என்று அடித்ததும் கம்ப்யூட்டர் பனாமா என்று முடித்துவிட்டது. தொண்ணூற்றிரண்டாயிரம். பழையபடி ஒரே மேஜை, இந்த முறை கூடலூரில். இனி டீ அவர் கணக்கு.

மறுநாள் சுருளியாண்டி அம்மாவாசி கடைக்குப் போனான். இப்போது உள்ளூர்க்காரன் என்கிற தைரியம்.

"தக்காளி ஒரு கிலோண்ணே."

"நூத்திமுப்பது."

"நான் திரும்பி வந்துட்டேண்ணே."

அம்மாவாசி சுவரைக் காட்டினார். சுந்தர்ராஜ் முத்திரை குத்திக் கொடுத்த விலைப்பட்டியல் கண்ணாடிச் சட்டத்துக்குள், சாமி படத்துக்குப் பக்கத்தில், ஊதுவத்தியோடு இருந்தது. "ஆபீசர் கையெழுத்துப் போட்ட விலைப்பா. இனிமே எல்லாருக்கும் இதான். குறைச்சு வித்தா தப்பாயிரும்ல."

அப்படியே எல்லா விலையும் ஏறியிருந்தது. தக்காளி ஏறியதால் டீக்கடை ஏற்றியது, டீ ஏறியதால் பால்காரர் ஏற்றினார். ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது: தக்காளி வாங்க எல்லோரும் குமுளிக்குப் போக ஆரம்பித்தார்கள். காலையில் கூடலூர்த் தோட்டத்தில் பறித்த தக்காளி ஒரு ஜீப்பில் மலையேறும். அதை வாங்குகிறவர்கள் பின்னாலேயே இன்னொரு ஜீப்பில் ஏறுவார்கள்.

சுருளியாண்டியும் பையை எடுத்துக்கொண்டு போனான். "வீரணா, எவ்வளவு?"

"முந்நூறுண்ணே."

"ஏலே, நான் இப்ப உள்ளூருடா. பதினெட்டாயிரம்."

"நானும் உள்ளூருதாண்ணே. நானும் அதே கடையிலதான அரிசி வாங்கணும்?"

கொடுத்துவிட்டு ஏறினான். உள்ளே மூலை இருக்கையில் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு ஒருவர், மடியில் நாலு காலிப் பை. ஜீப் முதல் வளைவில் திரும்பியபோது துண்டு நழுவியது.

"அம்மாவாசிண்ணே, நீங்க எங்க?"

அம்மாவாசி துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"மலையாளத்துக்குத்தான்" என்றார். "வீட்டுக்குச் சாமான் வாங்கணும். நம்ம கடையில வாங்கிச் சாப்பிட்டாக் கட்டுபடியாகலப்பா."